ஜுரம் வந்தா யாருக்கு போன் பண்ணுவே? தனியா புள்ள வளத்துக்கிட்டு வேலைக்கும் போறவங்களுக்கு டே கேரா, ஆயாம்மாவா, ஊர்ல அம்மாவா

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல, எங்க டீம்ல புதுசா சேந்த பொண்ணு டிபன் பாக்ஸ பாதிலயே மூடி வச்சுட்டு "அக்கா, நீங்க பாப்பாவ வச்சுக்கிட்டு எப்படிக்கா சமாளிச்சீங்க"ன்னு கேட்டா. அவளுக்கு ரெண்டரை வயசுல ஒரு பையன். வீட்டுக்காரர் கூட இனிமே இல்லைன்னு முடிவாகி மூணு மாசம் ஆகுது, இப்போ அம்பத்தூர்ல அவ அக்கா வீட்ல இருக்கா, மாமா ஒண்ணும் சொல்லல, ஆனா அவர் ஒண்ணும் சொல்லாம இருக்கறதே ஒரு மாதிரி இருக்குக்கான்னா. ஒரு பேப்பர்ல டே கேர், ஆயாம்மா, ஊர்னு மூணு கட்டம் போட்டு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மாசம் எவ்ளோ ஆகும்னு எழுதி வச்சிருந்தா. நானும் அக்கவுண்ட்ஸ்தான், எனக்கும் அப்படி கட்டம் போட்டாதான் மனசு ஆறும், 2022-ல நானும் இதே மாதிரி ஒரு பேப்பர் போட்டேன், அந்தப் பேப்பர் சொன்ன எதுவுமே அப்படி நடக்கல. லஞ்ச் அவர்ல சொல்லி முடியற கதை இல்ல இது, அதான் பாப்பா தூங்கினதும் உக்காந்து டைப் பண்றேன், அவள மாதிரி இன்னும் யாராவது இருந்தா படிச்சுக்கட்டும்.

என் நிலவரம் இதான். வேலை கிண்டில, வீடு குரோம்பேட்டைல, பொண்ணுக்கு ஏழு வயசு. 2021-லேர்ந்து நாங்க ரெண்டு பேர்தான். லாக்டவுன் புண்ணியத்துல கொஞ்ச நாள் வீட்லேர்ந்தே வேலை ஓடுச்சு, 2022 ஜூன்ல இனிமே எல்லா நாளும் ஆபீஸ் வரணும்னு மெயில் வந்துச்சு, அப்போ அவளுக்கு நாலு வயசு. அதுக்கப்புறம் ஊரு, ஆயாம்மா, டே கேர் மூணையுமே ஒண்ணு மாத்தி ஒண்ணு பாத்தாச்சு.

எல்லாரும் ஒப்பிட்டுப் பாக்கறப்போ எவ்ளோ காசு, எத்தன மணி வரைக்கும், சாப்பாடு போடுவாங்களா, ஏ.சி இருக்கானு கேக்கறாங்க. அதெல்லாம் கேக்கணும்தான். ஆனா நான் ரெண்டே கேள்வி வச்சிருக்கேன். ஒண்ணு, ஸ்கூல் விடற மூணரைலேர்ந்து நான் வந்து கேட்ட திறக்கற ஏழரை வரைக்கும் நடுவுல இருக்கற நாலு மணி நேரம் யாரு. ரெண்டாவதுதான் பெரிசு, காலைல அஞ்சரைக்கு எழுப்பலாம்னு தொட்டா உடம்பு கொதிக்குது, அன்னைக்கு ஆபீஸ்ல தள்ளவே முடியாத வேலை இருக்கு, யாருக்கு போன் பண்றது. மாசா மாசம் 7-ம் தேதி டி.டி.எஸ்ங்கற பிடிச்ச வரி, 15-ம் தேதி பி.எஃப், 20-ம் தேதி ஜி.எஸ்.டி கட்டறதுக்கு கடைசி நாள், எங்க வீட்டு ஜுரம் இந்த மூணு தேதியையும் காலண்டர்ல பாத்துட்டுதான் வரும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் இருக்கற வீட்ல அன்னைக்கு சண்டையாவது போடலாம், நீ லீவு போடு நான் போன தடவ போட்டேன்னு. இங்க சண்டை போடக்கூட ஆள் இல்ல. ஜுரம் இல்லாத நாள எந்த ஏற்பாட்ட வச்சும் ஓட்டிடலாம், அந்த ஒரு நாள் எது தாங்குதுன்னு பாத்துதான் முடிவு பண்ணணும்ங்கறது என் கட்சி.

முதல்ல ஊர். எனக்கு விருத்தாசலம் பக்கம். அப்பா அம்மா இருக்காங்க, கொஞ்சம் முந்திரிக்காடு இருக்கு, வீட்டு முன்னாடி ஓடியாட இடம் இருக்கு, பேப்பர்ல பாத்தா இதுக்கு மேல ஒண்ணுமே வேணாம். செலவும் கம்மி, நான் மாசா மாசம் அனுப்பற காசு கூட அம்மா வாங்க மாட்டேன்னுதான் சொல்லும். எட்டு மாசம் பாப்பாவ அங்க விட்டேன். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிஞ்சதும் பைய தூக்கிட்டு ரயிலேறி மூணு மணி நேரத்துக்கு மேல நின்னும் உக்காந்தும் போவேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவ பாக்காத நேரமா பாத்து கிளம்பிடுவேன், சொல்லிட்டு கிளம்பினா அழுவான்னு அம்மா சொல்லும், சொல்லாம கிளம்பினா நான் ரயில்ல அழுவேன்.

புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல, அத ஒத்துக்கணும். நல்லா சாப்ட்டா, நல்லா தூங்கினா, ஜுரம் வந்தப்பவும் அம்மா கஷாயமும் வச்சுது டாக்டர்கிட்டயும் தூக்கிட்டு ஓடிச்சு, எனக்கு மறுநாள் காலைலதான் போன் வந்துச்சு. ஜுர நாள் கணக்குல பாத்தா முழு மார்க். ஆனா ஏழாவது மாசம் ஒரு சனிக்கிழமை நான் பையிலேர்ந்து சாக்லேட் எடுத்து நீட்டறேன், இவ என் கைய பாக்காம எங்கம்மா பக்கம் திரும்பி "ஆயா, அம்மா சாக்லேட் தர்றாங்க, வாங்கிக்கவா"ன்னு கேக்கறா. தர்றாங்கன்னு. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட வாங்கற மாதிரி. அம்மாவுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அடுத்த மாசமே கூட்டிட்டு வந்துட்டேன்.

இது எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்ல வரல. எங்க அத்த பையன் ஒருத்தர் துபாய்ல இருந்துக்கிட்டு ரெண்டு புள்ளைங்களையும் பாட்டிகிட்டயே வளத்தார், அதுங்க நல்லாத்தான் இருக்குதுங்க, அப்பாகிட்டயும் பாசமாத்தான் இருக்குதுங்க. ஆனா ஊர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் யோசிக்கணும். ஒண்ணு அம்மாவோட உடம்பு. பேத்திய பாக்கறது பொழுதுபோக்கு இல்ல, நாலு வயசு புள்ள பின்னாடி ஓடறது அறுபத்தி ரெண்டு வயசு முட்டிக்கு வேலை, சுகர் மாத்திரை போட மறந்துட்டு புள்ளைக்கு சோறு ஊட்டிக்கிட்டு நிப்பாங்க, நமக்கு சொல்லவும் மாட்டாங்க. ரெண்டாவது, புள்ள யார்கிட்ட இருக்கணும்னு கேஸ் ஏதாவது நடந்துட்டு இருந்தா. 1956-ம் வருஷத்து இந்து மைனாரிட்டி கார்டியன்ஷிப் சட்டத்துலயே அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தை சாதாரணமா அம்மாகிட்டதான் இருக்கணும்னு இருக்கு, ஆனா அத வச்சு நாம தெம்பா இருக்கறப்போ எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, அம்மா சென்னைல புள்ள விருத்தாசலத்துல, இவங்க எங்க வளக்கறாங்கன்னு கேப்பார். கோர்ட்டு குழந்தையோட நலன்தான் பெரிசுன்னு பாக்கும், அது எந்தப் பக்கம் சாயும்னு நாம சொல்ல முடியாது. அதனால அனுப்பறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க.

அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடலாமேன்னு எல்லாரும் சொல்வாங்க. கூட்டிட்டு வந்தேன். மூணு வாரம். அப்பா அங்க தனியா ஓட்டல்ல சாப்ட்டுட்டு வயித்து வலின்னு போன் பண்றார், அம்மா இங்க ரெண்டாவது மாடி பால்கனில நின்னுக்கிட்டு தெருவுல போற யாராவது தெரிஞ்ச மூஞ்சியான்னு பாத்துட்டு நிக்கும். நாலாவது வாரம் நானே டிக்கெட் எடுத்துக் குடுத்தேன்.

அடுத்தது ஆயாம்மா. இதுல ஒரு வேடிக்கை, எங்க தென்னாற்காடு பக்கம் ஆயான்னா அம்மாவோட அம்மா. மெட்ராஸ்ல ஆயான்னா சம்பளத்துக்கு புள்ள பாக்கறவங்க. பாப்பா வீட்டுக்கு வந்தவங்கள ஆயான்னு கூப்புட, அது போன்ல எங்கம்மா காதுல விழ, "ஓஹோ, அதுக்குள்ள வேற ஆயா வந்தாச்சா"ன்னு அது ரெண்டு நாள் பேசவே இல்ல. அப்பறம் ஆயாம்மான்னு மாத்தினோம்.

பத்து மணி நேரம் வந்து இருக்கறதுக்கு நான் குடுத்தது மாசம் 14,000. இப்போ எங்க தெருவுல 16, 17-ன்னு கேக்கறாங்க. என் சம்பளத்துல அது எவ்ளோ பெரிய துண்டுன்னு சொல்ல வேணாம். நல்லதுன்னா புள்ள நம்ம வீட்லயே இருக்கும், காலைல எழுப்பி இழுத்துட்டு ஓட வேணாம், ஜுரம்னாலும் அவங்க பாட்டுக்கு நெத்தில துணி போட்டு கஞ்சி வச்சு பாத்துக்குவாங்க. அதனால ஜுர நாள்ல இவங்க பாஸ்னு நெனச்சேன். ஆனா புள்ளைக்கு ஜுரம் வர்ற மாதிரி அவங்களுக்கும் ஜுரம் வரும், அவங்க பேரனுக்கு காது குத்துவாங்க, அவங்க ஊர்ல யாராவது சாவாங்க, அதெல்லாம் நியாயமான லீவுதான், காலைல ஏழே முக்காலுக்கு போன் வரும்போது நமக்குதான் உலகமே இருட்டும். வந்தது பல்லாவரத்துலேர்ந்து. 2021-ல லேடீஸுக்கு சாதா கட்டண பஸ்ல டிக்கெட் வேணாம்னு ஆனதுலேர்ந்து அவங்களுக்கு மாசம் ஒரு நல்ல தொகை மிச்சம், ஆனா அந்த பஸ் வர்ற வரைக்கும் நிப்பாங்க, டீலக்ஸ் வந்தா ஏற மாட்டாங்க, ஏற சொல்ல நமக்கும் வாய் வராது, நான் கேட்ல நின்னு வாட்ச்ச பாத்துக்கிட்டே நிப்பேன். ஒரு நாள் கேட்டேன், உங்க பேரன இப்போ யாரு பாத்துக்கறாங்கன்னு. பொண்ணு வீட்டு வேலைக்குப் போயிருக்கு, மூணு வயசு புள்ளைய பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போறான்னாங்க. அதுக்கப்புறம் லேட்டா வந்தா கோவப்படறத விட்டுட்டேன்.

ஆயாம்மாவ நிறுத்தினதுக்கு காரணம் லேட்டு இல்ல, காசு கூட முழு காரணம் இல்ல. வேற பெரியவங்க யாரும் இல்லாத வீட்ல ஒரே ஒரு ஆள்கிட்ட புள்ளைய விட்டுட்டுப் போறோம், நடுவுல யாரும் வர்றதில்ல, பாக்கறதில்ல. மாமியார் இருக்கற வீட்ல ஆயாம்மா வைக்கறதும் நம்ம மாதிரி வீட்ல வைக்கறதும் ஒண்ணு இல்ல. எனக்கு வந்தவங்க தங்கமானவங்க, அது என் அதிர்ஷ்டம். போன்ல யூட்யூப் போட்டு குடுத்து சோறு ஊட்டுவாங்க, அவ்ளோதான் குத்தம். ஆனா பேச்சு இன்னும் தெளிவா வராத புள்ளைய அப்படி விடறதா இருந்தா எனக்கு தூக்கம் வந்திருக்காது. வைக்கறதுன்னு முடிவு பண்ணினா ஆதார் காப்பி வாங்கி வச்சுக்கறது, தமிழ்நாடு போலீஸோட ஆன்லைன் வெரிஃபிகேஷன் இருக்கு அத போட்டு வைக்கறது, வாரத்துல ஒரு நாள் சொல்லாம கொள்ளாம மத்தியானம் வந்து நிக்கறது, இதெல்லாம் பண்ணுங்க. வாரத்துக்கு ஒரு நாள் லீவும் தேதி தவறாம சம்பளமும் குடுங்க, அதுவும் பாதுகாப்புல சேத்திதான்.

இதுல ஆம்பளைங்க பாடு தனி. எங்க ஆபீஸ்ல பொண்டாட்டி தவறிப்போன ஒருத்தர் இருக்கார், அஞ்சு வயசுப் பொண்ணு. ஆம்பள மட்டும் இருக்கற வீட்டுக்கு வர மாட்டேன்னு மூணு ஆயாம்மா சொல்லிட்டாங்களாம், அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. அவருக்கு டே கேர் தவிர வழியே இல்ல, அங்கயும் பேரன்ட்ஸ் மீட்டிங்னா அம்மா வரலியான்னு கேக்காத ஆள் இல்லன்னார்.

டே கேர்லயும் பல தினுசு இருக்கு. அபார்ட்மென்ட்ல ஒரு ஆன்ட்டி ஹால்ல அஞ்சாறு புள்ளைங்கள வச்சு பாக்கறது ஒண்ணு, கார்ட்டூன் பெயின்ட் அடிச்ச பெரிய பெரிய டே கேர் ஒண்ணு, சில ஆபீஸ்லயே இருக்கற க்ரெஷ்ங்கற குழந்தைக் காப்பகம் ஒண்ணு, அரசாங்க அங்கன்வாடி ஒண்ணு. அங்கன்வாடிய நம்ம மாதிரி ஆபீஸ் போறவங்க கணக்குலயே எடுத்துக்கறதில்ல, அது தப்பு. 1975-லேர்ந்து ஓடற திட்டம், சோறு முட்டை சத்துமாவு எடை பாக்கறதுன்னு எல்லாம் உண்டு, எங்க தெருமுனைல இருக்கற அங்கன்வாடி டீச்சர் மாதிரி பொறுமைசாலிய நான் எந்த ஃபீஸ் கட்டற இடத்துலயும் பாக்கல. பிரச்சினை நேரம்தான், சாயங்காலம் ஆறு ஏழு மணி வரைக்கும் வச்சுக்க மாட்டாங்க. வேலைக்குப் போற அம்மாக்களுக்காக அங்கன்வாடியோடயே சேத்து க்ரெஷ் நடத்தற மாதிரி பால்னான்னு மத்திய அரசு திட்டம் ஒண்ணு இருக்கு, ஆறு மாசத்துலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் எடுத்துக்குவாங்க, உங்க ஏரியாவுல உண்டான்னு அங்கன்வாடிய நடத்தற ஐ.சி.டி.எஸ் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, கேக்கறதுக்கு காசு இல்ல.

ஆபீஸ் க்ரெஷ் விஷயம் பாதிப் பேருக்குத் தெரியாது. 2017-ல மகப்பேறு சட்டத்த திருத்தினப்போ எல்லாரும் 26 வாரம் லீவு பத்திதான் பேசினாங்க, அதே திருத்தத்துல 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற இடத்துல க்ரெஷ் வசதி இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருக்கு. ஆபீஸ் உள்ளயே வைக்கணும்னு இல்ல, பக்கத்துல இருக்கற ஒண்ணோட ஏற்பாடு பண்ணிக் குடுத்தாலும் சரிதான். நான் எங்க ஹெச்.ஆர்-கிட்ட கேட்டப்போ "அப்படி யாரும் கேட்டதில்லையே"ன்னாங்க. கேக்க ஆரம்பிங்க, முடிஞ்சா ரெண்டு மூணு பேரா சேந்து மெயில்ல கேளுங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் இதத்தான் முதல்ல சொன்னேன், அவ பையன் வயசுக்குதான் இது உதவும், என் பொண்ணு அந்த வயசத் தாண்டிட்டா.

நான் சேத்தது அபார்ட்மென்ட் தினுசும் இல்லாம பெரிய தினுசும் இல்லாம நடுவுல ஒண்ணு, நாப்பது புள்ளைங்க, ஆறேழு பெரியவங்க. ஸ்கூல் விட்டதும் அவங்க வேன்லயே கூட்டிட்டு வந்து பால் குடுத்து ஹோம் வொர்க் பண்ண வச்சு ஏழு மணி வரைக்கும் வச்சுக்குவாங்க, மாசம் 6,500. ஏழுக்கு மேல ஒவ்வொரு அரை மணிக்கும் நூறு ரூபா ஃபைன். கிண்டி ஸ்டேஷன்ல ஆறு பத்து வண்டிய விட்டா எனக்கு நூறு ரூபா போச்சுன்னு அர்த்தம், பல்லாவரம் தாண்டறப்பவே கதவுகிட்ட போய் நின்னுக்குவேன். இதுல எனக்குப் புடிச்சது, ஒருத்தர் லீவு போட்டாலும் கதவு திறக்கும். இன்னொண்ணு, ஆறு பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கறதுனால ஒரு ஆள் மூடு சரியில்லன்னா இன்னொரு ஆள் புள்ளைய வாங்கிக்குவாங்க. இது சிசிடிவிய விட பெரிய விஷயம், கேமரா இருக்கு ஆனா அத ஆபீஸ்ல உக்காந்து யாரு பாக்கறது.

ஜுர நாள்ல மட்டும் டே கேர் சுத்தமா ஃபெயில். ஜுரம் இருந்தா அனுப்பாதீங்க, ஜுரம் விட்டு 24 மணி நேரம் ஆகணும்னு ரூல், மத்த புள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்ல, அது சரியான ரூல்தான். மத்தியானம் பன்னெண்டுக்கு போன் பண்ணி "மேடம், பாப்பாவுக்கு லேசா சூடா இருக்கு, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க"ன்னா மீட்டிங்ல இருந்தாலும் எழுந்துதான் ஆகணும். முதல் வருஷம் புள்ள மாத்தி மாத்தி எதையாவது வாங்கிட்டு வரும், சளி போனா வயித்தால, வயித்தால நின்னா கை கால் வாயெல்லாம் கொப்புளம், அது வந்தா ஒரு வாரம் உள்ளயே விட மாட்டாங்க. அந்த முதல் வருஷம் எனக்கு இருந்த 12 கேஷுவல் லீவும் ஆகஸ்ட்டுக்குள்ள காலி, மிச்சம் எல்லாம் சம்பளம் புடிச்ச லீவு.

லீவுன்னதும் ஒண்ணு, மத்திய அரசு வேலைல இருக்கறவங்களுக்கு புள்ளைய பாக்கறதுக்குன்னே சர்வீஸ் முழுக்க சேத்து 730 நாள் லீவு உண்டு, பதினெட்டு வயசு வரைக்கும், தனியா வளக்கற அப்பாங்களுக்கும் 2018-லேர்ந்து உண்டு. முதல் 365 நாளுக்கு முழு சம்பளம், அடுத்த 365-க்கு 80 சதவீதம். பேங்க் எக்ஸாமும் எஸ்.எஸ்.சி-யும் எழுதுடின்னு எங்கப்பா சொன்னப்போ நான் கேக்கல, இப்போ இந்த வரிய படிக்கறப்போ எல்லாம் அவர் முகம் ஞாபகம் வரும்.

வேலையவே மாத்திக்கறதும் ஒரு வழி. வீட்லேர்ந்தே பாக்கற வேலை ஒண்ணு வந்துச்சு, சம்பளம் 12,000 கம்மி. டே கேர் 6,500, ரயில் சீசன், மத்தியான டீ எல்லாம் கூட்டினா வித்தியாசம் கம்மிதான்னு கணக்கு வந்துச்சு, ஆனா வீட்லேர்ந்து வேலைன்னா புள்ளைய பாத்துக்கிட்டே வேலைன்னு அர்த்தம் இல்ல. லாக்டவுன்ல அத நான் பாத்துட்டேன், கால்ல பேசிக்கிட்டே ஒரு கைல அவ வாயப் பொத்தி இருக்கேன், இன்னிக்கும் நெனச்சா கூசும். ரெண்டு வயசு புள்ளைக்கு அம்மா பக்கத்துலயே இருந்தும் பேச மாட்டேங்கறாங்கறது அம்மா ஆபீஸ்ல இருக்கறத விட கஷ்டம். பெரிய புள்ளைங்களுக்கு இது நல்ல வழி, பத்து வயசுக்கு மேல நான் திரும்ப யோசிப்பேன். நைட் ஷிஃப்ட் எடுத்து பகல்ல புள்ளைய பாத்துக்கறேன்னு ஒரு ஃப்ரெண்டு ஒன்றரை வருஷம் ஓட்டினா, அவ எப்போ தூங்கினான்னு அவளுக்கே தெரியாது. ஹாஸ்டல் பத்தியும் சிலர் சொல்றாங்க, ஏழு வயசுக்கு அத நான் பேச்சுக்குக் கூட எடுக்கல.

இப்போ நான் இருக்கற ஏற்பாடு எந்தக் கட்டத்துலயும் இல்லாதது. முதல் வேலையா வீட்ட மாத்தினேன். முன்னாடி ஆபீஸுக்கு கிட்டக்க ஆதம்பாக்கத்துல இருந்தோம், அதுல எனக்கு இருபது நிமிஷம் மிச்சம், புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கூல், டே கேர், வீடு மூணும் நடந்து போற தூரத்துல இருக்கணும், ஆபீஸ் எங்க வேணா இருக்கட்டும்னு மாத்தி யோசிச்சேன், ஏன்னா ஓட வேண்டியது நான் இல்லாத நேரத்துல வேற யாரோ. வீடு கெடைக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. உங்க புருஷன் எங்க வேலை பாக்கறார்னு கேப்பாங்க, பதில சொன்னதும் பாத்துட்டு சொல்றோம்மாம்பாங்க. ஏழாவதா பாத்த வீட்டு பாட்டிம்மா மட்டும் "வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துடுவியா"ன்னு கேட்டாங்க, அதோட சரி.

ரெண்டாவது, கீழ் வீட்டு அக்கா. வீட்லயே தையல் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கறவங்க, நாள் முழுக்க வீட்லதான் இருப்பாங்க. முதல் தடவ பாப்பாவுக்கு ஜுரம் வந்தப்போ சும்மா உதவிக்கு வச்சுக்கிட்டாங்க, ரெண்டாவது தடவையும் வச்சுக்கிட்டாங்க. மூணாவது தடவ கதவ தட்டறப்போ அவங்க முகத்துல ஒரு சின்ன வித்தியாசம், தீபாவளி நேரம், தைக்க வேண்டிய ப்ளவுஸ் மலையா கெடக்கு. அன்னைக்கு ராத்திரி போய் உக்காந்து பேசினேன். மாசம் 2,500 தர்றேன்க்கா, பாப்பா வந்தாலும் வராட்டியும் தர்றேன், ஜுரம் வந்தா அன்னைக்கு உங்க பொறுப்புன்னேன். அவங்க கோவிச்சுக்கிட்டாங்க, என்ன காசு கணக்கு பாக்கறே, நான் அந்நியமான்னு. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே சரின்னாங்க. எங்க வீட்ல அதுக்கு ஜுரக் காசுன்னே பேரு. சில மாசம் ஒரு நாள் கூட பாப்பா அங்க போக மாட்டா, அப்பவும் ஒண்ணாம் தேதி குடுத்துடுவேன். எங்கம்மாவுக்கு இது புரியவே இல்ல, சும்மா எதுக்குடி தண்டத்துக்கு குடுக்கறேங்கும். நம்ம பக்கத்துல ஒத்தாசைன்னா காசு வாங்காம பண்றதுதான், எனக்கும் தெரியும், ஆனா திருப்பி செய்யறதுக்கு எனக்கு நேரமே இல்லாதப்போ ஒத்தாசை மூணு தடவைக்கு மேல தாங்காது. டே கேர் 6,500, ஜுரக் காசு 2,500, சேத்தா 9,000, ஆயாம்மாவுக்கு குடுத்தத விட 5,000 கம்மி, ரெண்டு பேர் இருக்காங்க.

ரசீது விஷயமும் சொல்லிடறேன், டே கேர்ல கட்டற ஒவ்வொரு பைசாவுக்கும் பில் வாங்கி வைங்க, முடிஞ்சா ஜிபேலயே கட்டுங்க. புள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டு போடறப்போ, முன்னாடி சி.ஆர்.பி.சி-ங்கற குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 125-ன்னு சொல்வாங்களே, 2024 ஜூலைலேர்ந்து அதுக்கு பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டத்துல அது பிரிவு 144, அதுல புள்ளைக்கு மாசம் என்ன ஆகுதுன்னு காட்டணும், 2020-ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்பறம் ரெண்டு தரப்பும் வரவு செலவு சொத்து எல்லாம் அஃபிடவிட்டா போடணும். நான் முதல் வருஷ பில் எதையும் வைக்கல, அக்கவுண்ட்ஸ்ல இருந்துக்கிட்டு. அப்பறம் டே கேர்லயும் ஸ்கூல்லயும் புள்ளைய யாரு வந்து கூட்டிட்டுப் போகலாம்னு பேர், போட்டோ, போன் நம்பரோட எழுதிக் குடுங்க, வேற யாரு வந்தாலும், அது யாரா இருந்தாலும், எனக்கு போன் பண்ணாம அனுப்பக் கூடாதுன்னும் எழுதுங்க. யாரா இருந்தாலும்ங்கறது யாருன்னு அவங்களுக்குப் புரியும்.

அந்தப் பொண்ணுக்கு என் கணக்கு அப்படியே ஒத்து வராது. அவளுக்கு அம்மா இல்ல, அப்பா மட்டும் ஆரணில இருக்கார், அதனால ஊருங்கற கட்டம் தானாவே அடிபட்டுப் போச்சு. பையனுக்கு ரெண்டரை வயசு, நாலு வார்த்த சேத்து சொல்லத் தெரியல, யாராவது அடிச்சா கூட வந்து சொல்ல மாட்டான், அதனால தனி ஆயாம்மா வேணாம்னு நான் அடிச்சே சொல்லிட்டேன். மிச்சம் இருக்கறது டே கேர்தான், ஆனா இப்போ அம்பத்தூர்ல சேத்து, அக்கா வீட்லேர்ந்து கிளம்பறப்போ திரும்ப மாத்தினா அந்தப் புள்ள ரெண்டு தடவ அழணும். அதனால முதல்ல வீடு, அப்பறம் டே கேர், அதுக்கப்புறம் கீழ் வீட்லயோ எதிர் வீட்லயோ ஒரு தையல் மெஷின் சத்தம் கேக்குதான்னு பாக்கறது. எங்க அடுத்த தெருவுல ஒரு சிங்கிள் பெட்ரூம் காலியா இருக்கு, பாட்டிம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

வெள்ளிக்கிழமை டே கேர் பாக்கப் போறோம். அவ காலைல பத்து மணிக்கு பர்மிஷன் போட்டுட்டுப் போலாம்கான்னா. பத்து மணிக்கு எல்லா டே கேரும் நல்லாத்தான் இருக்கும், புள்ளைங்க குளிச்சு பவுடர் போட்டு ரைம்ஸ் பாடிட்டு இருக்கும். சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் போலாம்னு சொல்லியிருக்கேன். எல்லா புள்ளையும் போனதுக்கு அப்பறம் கடைசியா ஒரு புள்ள மட்டும் உக்காந்திருக்கும்ல, அத எங்க உக்கார வச்சிருக்காங்க, யாராவது பக்கத்துல இருக்காங்களா, இல்ல செருப்பு மாட்டி பைய முதுகுல போட்டு கேட்ட பாத்து உக்கார வச்சிருக்காங்களான்னு பாக்கணும்.